எந்த ஊர்ப் பாம்பு? போவாவின் நீளத்தையும் பெயரையும் பிறந்த மண்ணிடம் கேட்க வேண்டியது ஏன்

மாசி மாதம், தம்பலகாமத்தில் பெரும்போக வேளாண்மை வெட்டு முடியும் தறுவாய். வயலின் மூலையில் மட்டும் கொஞ்சம் கதிர் மிச்சம் நின்றது. அந்தப் பக்கம் திரும்பிய வெட்டு மெசினைச் சாரதி நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். வரம்போரம் பாம்பு சுருண்டு கிடந்தது. பெருத்த உடம்பு, எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு, முதுகு நெடுகக் கபிலத் திட்டுகள். பத்து நிமிடத்துக்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். "இருபது அடி வரும்" என்றார் ஒருவர். பொடியன் ஒருவன் போனில் தேடிப் பார்த்து, "இது போவா, அமெரிக்காப் பாம்பு" என்றான். பக்கத்தில் நின்றவர், "அனகொண்டா தம்பி, ரீவியில காட்டுறதுதான்" என்று திருத்தினார். வயல்காரப் பெரியவர் மட்டும், "வெங்கிணாந்தி. நான் சின்னனில இருந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர்கள் வந்து அதைச் சாக்கில் விடுவதற்கு முன் பாம்பு ஒருமுறை நீண்டு வரம்பு வழியே நகர்ந்தது. தலை இருந்த இடத்திலும் வால் நுனி இருந்த இடத்திலும் மண்ணாங்கட்டி வைத்து அடையாளம் செய்துகொண்டேன். பிறகு கயிறு பிடித்து அளந்தபோது ஒன்பது அடி நாலு அங்குலம். இருபதில் பாதிகூட இல்லை.

பெரியவர் சொன்ன பெயர்தான் சரி. மற்றவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் செய்த பிழையைப் பெரிய விஞ்ஞானிகளும் நூற்றாண்டுக் கணக்கில் செய்திருக்கிறார்கள். பாம்பைப் பார்ப்பார்கள், திட்டைப் பார்ப்பார்கள், நீளத்தைக் கண்ணால் மதிப்பார்கள். எந்த மண்ணில் பிறந்தது என்று கேட்க மறந்துவிடுவார்கள். போவா என்ற பாம்பின் கதையைத் தெரிந்துகொண்டால், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நீளத்தையும் சொல்ல முடியாது, பெயரையும் சொல்ல முடியாது என்பது விளங்கும்.

முதலில் போவாவையும் நம்முடைய பாம்பையும் பிரித்து வைத்துக்கொள்வோம். போவா கன்ஸ்ட்ரிக்டரும் அதன் நெருங்கிய உறவுகளும் இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. மெக்சிகோவின் வடபகுதியில் தொடங்கி, மத்திய அமெரிக்கா வழியாக, தெற்கே ஆர்ஜென்டினா வரை. அப்புறம் கரீபியன் கடலில் சில தீவுகள். இலங்கைக் காட்டில் அது கிடையாது. நம்முடைய வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, பைதான் மொலூரஸ் என்ற வேறு இனம்.

இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். இரண்டுக்கும் நஞ்சு இல்லை. வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் குட்டி நகம் போன்ற முள் இரண்டுக்கும் உண்டு, பழைய பின்னங்காலின் எச்சம் அது. தூரத்தில் நின்று பார்த்தால் முதுகுத் திட்டுகூட ஒரே சாயல்தான். ஆனால் மலைப்பாம்பு முட்டையிடும். தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். போவா குட்டி போடும். மலைப்பாம்பின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாகத் தெரியும். போவா கன்ஸ்ட்ரிக்டரின் உதட்டில் அப்படிக் குழிகளைக் காண முடியாது.

போவாக் கூட்டத்துக்குத் தூரத்து உறவு ஒன்று நம்மிடமும் இருக்கிறது. வறண்ட வடபுலத்து மணலில் புதைந்து கிடக்கும் மண்ணுளிப் பாம்பு அது. கட்டைக் குட்டையானது, வால் சட்டென்று முடிந்துவிடும், குட்டி போடும். அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

பெயர் மட்டும் கப்பல் ஏறியது

பெயர்க் குழப்பத்தின் ஒரு நுனி நம்முடைய கொட்டியாரக் குடாவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. 1660இல் அங்கே வந்து நின்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்கள். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டுத் தப்பி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். இலங்கைப் பாம்புகளைப் பற்றிச் சொல்லும்போது, சிங்களத்தில் பிம்புரா எனப்படும் மலைப்பாம்பை அவர் விவரிக்கிறார். மனிதனின் இடுப்புத் தடிப்பு உடம்பு, மான் போகும் பாதையில் படுத்துக் காத்திருக்கும், மானைக் கொம்போடு விழுங்கும், சில வேளை அந்தக் கொம்பே வயிற்றைக் கிழித்துப் பாம்பைக் கொன்றுவிடும் என்று எழுதுகிறார். வால் பக்கத்தில் முளை போன்ற ஒன்று இருப்பதாகவும், அதனால் அடித்து இரையைப் பிடிப்பதாகவும் சொல்கிறார். அது நான் மேலே சொன்ன முள்தான். இரை பிடிக்க அது உதவாது. இணை சேரும்போது ஆண் பாம்பு பெண்ணைத் தடவிக் கிளர்த்தப் பயன்படுத்துவது. ஆனாலும் அப்படியொன்று இருப்பதை ஒரு கைதி கவனித்து எழுதியிருப்பதை நான் மதிக்கிறேன். முக்கியமாக, எந்த நாட்டுப் பாம்பைப் பார்த்தார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் அவருக்குப் பிறகு, ஐரோப்பிய அலுமாரிகளில் தொடங்கியது. 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கை அறிஞர் வெளியிட்ட பாம்புப் பட்டியலில், இலங்கையர் 'அனகண்டையா' என்று அழைக்கும் பாம்பு ஒன்று வருகிறது. எருமைகளின் உடலை நொறுக்குவது என்று அதற்கு விளக்கம். 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில், இலங்கையில் வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவரின் கடிதம் வெளியாயிற்று. அனகொண்டா என்ற இராட்சதப் பாம்பு புலியை நொறுக்கி விழுங்கியதை விலாவாரியாக வருணிக்கும் கடிதம். வரலாற்றுக் காலத்தில் இந்தத் தீவில் புலி இருந்ததே இல்லை, சிறுத்தைதான். கடிதத்தை நம்பலாமா என்பதற்கு அந்த ஒரு விலங்கே சாட்சி.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் பலமாக இருக்கின்றன. ஒன்று, தமிழின் ஆனைக்கொன்றான். மற்றது, சிங்களத்தின் ஹெனகந்தயா. சிங்களத்தில் அது மெல்லிய கொம்பேறிப் பாம்பு ஒன்றின் பெயர். எது மூலமாக இருந்தாலும் பெயர் இந்தக் கரையில் பிறந்தது. போய்ச் சேர்ந்ததோ அமேசன், ஒரினோக்கோ ஆற்றுச் சேற்றில் கிடக்கும் பாம்புக்கு. இன்று தம்பலகாமத்தில் ஒருவர் வெங்கிணாந்தியைப் பார்த்து அனகொண்டா என்றால், முந்நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்து போன சொல் உலகம் சுற்றித் திரும்பி வந்து தப்பான பாம்பின் மேல் உட்காருகிறது.

போவா என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பழைய உரோம அறிஞர் பிளினி அந்தச் சொல்லை இத்தாலியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பெரிய பாம்புக்குப் பயன்படுத்தினார். பசுவின் பாலைக் குடித்து வளர்வதால் அந்தப் பெயர் என்றார். நம்மூரில் சாரைப்பாம்பு மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்று சொல்வதைப் போன்ற நம்பிக்கை. பாம்பின் வாய் அமைப்பால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. 1758இல், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் அந்த உரோமச் சொல்லை எடுத்து அமெரிக்கப் பாம்புக்கு வைத்து, போவா கன்ஸ்ட்ரிக்டர் என்று பெயரிட்டார். வாழிடம் என்ற இடத்தில் 'இந்தியப் புலங்கள்' என்று எழுதினார். அந்தக் காலத்தில் அந்தச் சொல் நம் பக்கத்தையும் குறிக்கும், கொலம்பஸ் இறங்கிய மேற்குத் தீவுகளையும் குறிக்கும். இப்படியாக உலகம் முழுக்கத் தெரிந்த பாம்பு ஒன்று, ஊர் தவறிய பிறப்புச் சான்றிதழோடு அறிவியலுக்குள் வந்தது.

நாலடியும் பத்தடியும் ஒரே பெயரில்

"போவா எவ்வளவு நீளம் வளரும்?" என்று கேட்டால் நேர்மையான பதில், "எந்த ஊர் போவா?" என்பதுதான்.

தென் அமெரிக்காவின் பெருநிலத்தில், கயானா, சுரினாம், பிரேசில், பெரு நாட்டுக் காடுகளில் வாழும் போவாக்கள் பெரியவை. வளர்ந்த பெண் பாம்பு ஏழு முதல் பத்து அடி. அதற்கு மேல் போவதும் உண்டு, ஆனால் அரிது. ஜெர்மனியின் மியூனிக் நகரச் சேகரிப்பில் தலை இல்லாமல் 4.45 மீட்டர் நீளமுள்ள காய்ந்த போவாத் தோல் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியே கொலம்பியாவின் வடமேற்கு வரை வாழ்வதை இப்போது பலர் போவா இம்பெரேட்டர் என்று தனி இனமாகவே வைக்கிறார்கள். அது பொதுவாகச் சற்றுச் சிறியது. ஆறு, ஏழு அடியில் நின்றுவிடுவது சாதாரணம். மெக்சிகோவின் பசிபிக் கரைப் பாம்புகள் மரபணுவில் வேறாக இருப்பதை 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அவற்றுக்குப் போவா சிக்மா என்று பெயர். ஆர்ஜென்டினாவின் வறண்ட சாக்கோப் புதர்க்காட்டில் இருப்பது கறுத்து, வெண்கோடு பின்னிய, கனத்த பாம்பு. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் முதலாம் அட்டவணையில் போவா கன்ஸ்ட்ரிக்டர் வகைகளில் அது மட்டும் இருக்கிறது. மற்றவை இரண்டாம் அட்டவணையில்.

இவ்வளவும் பெருநிலம். தீவுக்குப் போனால்தான் கணக்கு தலைகீழாகிறது.

ஹொண்டுராஸ் கரைக்கு அப்பால் கயோஸ் கொச்சினோஸ் என்ற சின்னத் தீவுக் கூட்டம் இருக்கிறது. பன்றித் தீவுகள் என்று பொருள். அங்குள்ள போவாக்கள் வெளிறிய நிறம், மெலிந்த உடல். வளர்ந்தவையும் பெரும்பாலும் நாலைந்து அடிக்குள் நின்றுவிடும். கடலுக்கு இந்தப் பக்கம் பெருநிலத்தில் அதே போவா இம்பெரேட்டர் அதைவிட நன்றாகப் பெரிதாக வளர்கிறது. பெலீஸ் நாட்டின் பவளத்திட்டுத் தீவுகளிலும் இதே நிலைதான். அவற்றை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர் ஸ்கொட் போபாக் என்ற அமெரிக்க ஆய்வாளர். தீவுப் பாம்புகள் நீளத்தில் குறைந்தவை, உடல் ஒல்லி, மரமேறி வாழ்பவை என்று அவர் அளந்து காட்டினார்.

ஏன் இப்படி? சாப்பாடுதான் முதல் காரணம். பாம்பு இரையைக் கடித்துத் துண்டாக்காது, முழுதாகத்தான் விழுங்கும். ஆகவே இரையின் பருமன்தான் பாம்பின் பருமனுக்கு எல்லை போடுகிறது. பெருநிலத்தில் போவாவுக்குப் பெரிய எலி வகைகள், கீரியளவு பிராணிகள், முயல், பெரிய பறவை எல்லாம் கிடைக்கும். பவளத்திட்டில் பல்லியும் ஓணானும்தான், அப்புறம் வலசை வரும் சிறு குருவிகள். குருவிகள் வருடத்தில் இரண்டு பருவத்தில் கூட்டமாக வந்து இறங்கும், மற்ற மாதங்களில் பட்டினிதான். பெரிய உடம்புக்கு அந்தத் தீவு சோறு போடாது. சின்ன உடம்பு குறைந்த சாப்பாட்டில் தாக்குப்பிடிக்கும், குருவி அமரும் மெல்லிய கிளை வரைக்கும் ஏறும். தலைமுறை தலைமுறையாக அங்கே தப்பிப் பிழைத்தது சின்ன உடம்புதான்.

நிலாவெளிக்கு முன்னால் நிற்கும் புறாத்தீவை நினைத்துக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அந்தப் பெயர். அந்தத் தீவில் வெங்கிணாந்திகள் சில ஆயிரம் வருடம் அடைபட்டு வாழ்ந்திருந்தால் என்று ஒரு கற்பனைக்கு வைப்போம். மானும் இல்லை, முயலும் இல்லை. புறாவும் அதன் குஞ்சும் பல்லியும்தான் சாப்பாடு. கந்தளாய்க் குளத்தோரம் மான்கன்றையும் கொக்கையும் விழுங்கி வளரும் பாம்பின் பருமனை அந்தத் தீவில் எதிர்பார்க்க முடியுமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தீவுப் பாம்பு சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி குன்றியதா, அல்லது பிறவியிலேயே சிறியதா? தீவுக் குட்டிக்கு வயிறு நிறையக் கொடுத்தால் பெரிதாகிவிடுமா? போபாக்கும் அவருடன் வேலை செய்தவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெலீஸின் தீவுகளிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வந்த தாய்ப் பாம்புகள் ஈன்ற குட்டிகளை ஒரே கூரையின் கீழ், ஒரே விதமாக வளர்த்தார்கள். சாப்பாடு கூடினால் வளர்ச்சி கூடியது. ஆனாலும் தீவுக் குட்டி பெருநிலக் குட்டியை எட்டிப் பிடிக்கவில்லை. அதாவது இரண்டும் உண்மை. மண் தரும் சோறும் ஒரு பங்கு, மண் பல தலைமுறையாகச் செதுக்கிய பரம்பரையும் ஒரு பங்கு. போவாவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். குட்டிகளை வருடக்கணக்கில் வைத்து வளர்த்து எடுக்கும் பொறுமை வேண்டும் இதற்கு.

தீவு என்றால் சிறுத்துத்தான் போகும் என்று விதி எழுதிவிடவும் கூடாது. செயின்ட் லூசியா, டொமினிக்கா என்ற கரீபியன் தீவுகளிலும் போவா உண்டு. ஒன்றுக்குப் போவா ஓரோஃபியாஸ், மற்றதற்குப் போவா நெபுலோசா என்று பெயர். கருத்த பாம்புகள், பத்தடி வளரக்கூடியவை. நாய்த்தலை என்ற பொருளில் உள்ளூர் மக்கள் அவற்றை அழைக்கிறார்கள். அவை மலையும் காடும் நிறைந்த பெரிய தீவுகள், அங்கே இரைக்குக் குறைவில்லை. ஆஸ்திரேலியாவின் டைகர் பாம்பு இன்னும் தெளிவான சாட்சி. மவுண்ட் சப்பெல் என்ற தீவில் கடற்பறவைக் குஞ்சுகள் கொழுத்துக் கிடைப்பதால் அது பெருநிலத்தைவிடப் பெருத்துவிட்டது. ரொக்ஸ்பி என்ற இன்னொரு தீவில் சின்ன அரணைகளைத் தின்று சிறுத்துவிட்டது. இரண்டும் ஒரே இனம். கடல் சூழ்ந்திருப்பது மட்டும் பாம்பின் அளவைத் தீர்மானிப்பதில்லை, அந்த மண்ணில் என்ன இரை இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

திட்டை எண்ணினால் போதுமா

இனி அடையாளம். நேரில் பாம்பு இருக்கிறது, ஊர் தெரியாது. உடலை மட்டும் பார்த்து எந்தப் பகுதிப் போவா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். முதுகில் சேணம் போட்டது போல வரும் கபிலத் திட்டுகளை வால் தொடங்கும் இடம் வரை எண்ணுவார்கள். தென் அமெரிக்கப் போவாவில் அவை குறைவு, ஏறக்குறைய 15 முதல் 21. திட்டின் ஓரம் வௌவால் சிறகு போலக் கூராக நீளும். வாலில் செங்கல் சிவப்பு. மத்திய அமெரிக்கப் போவாவில் 22க்கு மேல். உடலைச் சுற்றியுள்ள செதில் வரிசையின் எண்ணிக்கையும் மாறும், தென் அமெரிக்காவில் கூடுதல், மத்திய அமெரிக்காவில் குறைவு. வயிற்றுச் செதில்களை எண்ணினால் செயின்ட் லூசியா, டொமினிக்காப் பாம்புகளில் 250க்கு மேல் போகும். மற்றவற்றில் பெரும்பாலும் அதற்குக் கீழே.

இந்த எண்கள் உறுதியாகத் தோன்றினாலும் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 21 திட்டு உள்ள பாம்பை எங்கே வைப்பது? வட கொலம்பியாப் பாம்பு ஒன்றின் வால் நல்ல சிவப்பாக இருந்தால்? நிறத்தை நம்பவே முடியாது. போவாக்கள் ஒரே நாளுக்குள் வெளிறிக் கறுக்கக்கூடியவை, பன்றித் தீவுப் பாம்புகளில் அது கண்கூடு. தோல் கழற்றும் முன் எல்லாப் பாம்பும் மங்கியிருக்கும். ஆண் பாம்பு சிறியது, வால் நீளம், முள் பெரிது. பெண் பாம்பு பெரியது. ஐந்தடி நீளப் பாம்பைக் காட்டினால் அது தீவின் கிழப் பாம்பாகவும் இருக்கலாம், சுரினாமின் இளம் பாம்பாகவும் இருக்கலாம். செதில் எண்ணுகிறவரும் கடைசியில் அருங்காட்சியகப் போத்தலில் ஒட்டிய சீட்டைத்தான் தேடுவார். எங்கே பிடித்தது, யார் பிடித்தது, எந்த வருடம். சீட்டு உதிர்ந்த போத்தலின் மதிப்புப் பாதியாகிவிடும்.

அந்தச் சீட்டுகளையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பழைய ஒற்றைப் போவா பிரியத் தொடங்கியது. 2009இல் வந்த ஆய்வு ஒன்று, மத்திய அமெரிக்கப் போவாவும் தென் அமெரிக்கப் போவாவும் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்த இரண்டு கிளைகள் என்றது. அவற்றுக்கு நடுவே அன்டீஸ் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. மலை எழுந்து வழி அடைபட்ட கதையைப் பாம்பின் உடம்பு இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

அடையாளம் தவறினால் நீளமும் தவறும் என்பதற்குப் பெயர்போன உதாரணம் டிரினிடாட் தீவில் நடந்தது. அங்கே கொல்லப்பட்ட 18½ அடிப் போவா என்று பல காலம் நூல்களில் உலகச் சாதனையாக நின்ற பாம்பு, பிறகு ஆராய்ந்தபோது பச்சை அனகொண்டாவாக இருந்தது. டிரினிடாடில் இரண்டும் வாழ்கின்றன. எந்தத் தீவு என்பது தெரிந்திருந்தும், அந்தத் தீவில் இன்னொரு பெரும்பாம்பும் உண்டு என்பதை யோசிக்காததால் வந்த பிழை. தோலை அளப்பதிலும் இதே ஏமாற்றம் உண்டு. உரித்த தோலை இழுத்து ஆணியடித்துக் காயவிட்டால் நன்றாக நீண்டுவிடும். பழைய பங்களாச் சுவரில் தொங்கிய பத்தடித் தோல் எட்டடிப் பாம்பாக இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட அடையாளத்தைக் குலைத்தது வளர்ப்புப் பிராணி வியாபாரம். பன்றித் தீவுப் போவாவின் வெளிறிய அழகைக் கண்டு 1970களின் இறுதியிலிருந்து ஏராளமாகப் பிடித்து அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். தீவில் பாம்பு அருகிப்போனது. போன பாம்புகளை மற்றப் போவாக்களோடு இணைசேர்த்தார்கள். இன்று அந்தத் தீவின் பெயரில் விற்கப்படுகிற பாம்புக்கு அந்தத் தீவு இரத்தம் எவ்வளவு என்று விற்பவராலேயே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பாம்பு ஒன்று எட்டடி வளர்ந்தால், "தீவுப் போவாவும் எட்டடி வளரும்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். ஒரு பொய்யான ஊர் ஒரு பொய்யான நீளத்தைப் பெற்றெடுக்கிறது.

ஊர் மாறிய பாம்பு போன இடத்திலும் சேதம் செய்யும். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 1971இல் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்த சில போவாக்களை விட்டுவிட்டுப் போனார்கள். இன்று அந்தத் தீவு முழுக்கப் போவா. அரூபா தீவில் 1999இல் முதல் போவா கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் அது பெருகி, தீவின் பறவைகளையும் பல்லிகளையும் தின்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

அமெரிக்காப் பாம்பின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்முடைய வெங்கிணாந்திக்கும் இதே வழக்கு நடந்திருக்கிறது. இந்திய உபகண்டத்து மலைப்பாம்பும் பர்மா மலைப்பாம்பும் நெடுங்காலம் ஒரே இனத்தின் இரு வகைகளாகக் கருதப்பட்டன. 2009இல்தான் பர்மாப் பாம்பைப் பைதான் பிவிட்டாட்டஸ் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். பிரித்தறிய உதவும் குறி கண்ணுக்குக் கீழே இருக்கிறது. நம்முடையதில் மேலுதட்டுச் செதில் ஒன்று கண்ணைத் தொடும். பர்மாப் பாம்பில் உதட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே சின்னச் செதில்கள் வரிசையாக நுழைந்து பிரிக்கும். தலைமேல் உள்ள அம்புக் குறி பர்மாப் பாம்பில் மூக்கு வரை அழுத்தமாக இருக்கும், நம்முடையதில் முன்பக்கம் மங்கிவிடும். கொழும்பு அருங்காட்சியகத்தை நெடுங்காலம் நடத்திய பி.இ.பி. தெரணியகல, இலங்கை மலைப்பாம்பை 1945இல் 'பிம்புரா' என்று தனி உபவகையாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிரிப்பை ஏற்கவில்லை. ஆனாலும் இந்தத் தீவின் பாம்பைத் தனியாக எடுத்து அளந்து பார்க்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சரியானது.

புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் வளர்ப்பிலிருந்து தப்பிப் பெருகிய பர்மா மலைப்பாம்புகளை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 400 பாம்புகளில் குறைந்தது 13இல் நம் பக்கத்து மலைப்பாம்பின் மரபணுத் தடயம் இருந்தது. கூண்டுக்குள் எங்கோ நடந்த கலப்பு, கடல் கடந்து ஒரு காட்டுக்குள் போய்விட்டது.

நஞ்சுப் பாம்பில் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். வடக்குக் கிழக்குக் கரையோர மணலில் இருக்கும் சுருட்டை விரியன் ஒரு முழத்துக்குள் அடங்கும் சின்னப் பாம்பு, அதன் கடியும் பெரும்பாலும் கடுமையாவதில்லை. வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் பக்கத்தில் அதே இனத்தின் இன்னொரு வகை இரண்டரை அடி வரை வளரும், ஆட்களைக் கொல்லும். கண்ணாடி விரியனை எடுத்தால், இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாரித்த விஷமுறிவு மருந்தைத்தான் நாம் நெடுங்காலம் இறக்குமதி செய்து ஏற்றி வந்திருக்கிறோம். இலங்கைக் கண்ணாடி விரியனின் நஞ்சு அதற்குச் சரியாக ஒத்துப்போவதில்லை என்று நம் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இங்கே கடிபட்டவருக்குக் கண் இமை சரிந்து விழுவது வழக்கமாகக் காணும் குறி. ஒரே பெயர், ஒரே திட்டு. நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

மண்ணுளிப் பாம்பை இங்கேதான் மறுபடி எடுக்க வேண்டும். அதன் முதுகுத் திட்டும் கண்ணாடி விரியனின் திட்டும் மருட்டும். குட்டி வெங்கிணாந்தியும் அதே சாயல். ஒன்றும் செய்யாத மண்ணுளியை விரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள். விரியன் குட்டியை வெங்கிணாந்திக் குட்டி என்று கையில் எடுப்பவரும் உண்டு, அந்தப் பிழைக்கு மறுவாய்ப்பு இல்லை. தெரியாத பாம்பு எதையும் தொடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். தள்ளி நின்று படம் எடுக்கிறவர்கள் தலையின் பக்கவாட்டு ஒன்று, முழு உடம்பு ஒன்று, வால் பக்கம் ஒன்று என்று எடுத்தால் போதும். பக்கத்தில் ஏதாவது அளவு தெரிந்த பொருள் இருக்கட்டும். அப்புறம் ஊர், வயலா குளக்கரையா, தேதி, நேரம் எழுதி வையுங்கள்.

தம்பலகாமத்துப் பாம்பை அன்று அந்தப் பொடியனும் படம் எடுத்திருந்தான். போவா என்று சொன்னவனேதான். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து, தலையின் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். உதட்டில் குழிகள் தெளிவாகத் தெரிந்தன. மேலுதட்டுச் செதில் ஒன்று நேராகப் போய்க் கண்ணைத் தொட்டது. படத்துக்குக் கீழே என்ன எழுத என்று கேட்டான். வெங்கிணாந்தி, தம்பலகாமம், வயல் வரம்பு, மாசி, ஒன்பது அடி நாலு அங்குலம் என்று சொன்னேன். ஆணா பெண்ணா என்று கேட்டான். வால் பக்கப் படம் எடுக்கவில்லையே தம்பி என்றேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் சேமித்துக்கொண்டான்.